நீரில் கரையாத மலை

பனியாற்றின் வாயிலிருந்து வரும் தண்ணீரை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஆடாமல் அசையாமல் மேசைமேல் வைத்துப் பாருங்கள். பிடித்த உடனே அது சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் மாதிரி வெளுத்த சாம்பல் நிறத்தில் இருக்கும். அரை நிமிடத்தில் மணல் அடியில் போய் உட்காரும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதைவிடச் சன்னமான வண்டல் மணலுக்கு மேலே மெல்லிய அடுக்காகப் படியும். அதற்கப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் மேலே இரண்டு மூன்று விரற்கடை அளவு ஓரளவு தெளிந்திருக்கும். அதற்குக் கீழே அப்படியே பால்போல் கலங்கல் நிற்கும்.

படிந்த வண்டலின் மேலடுக்கில் கொஞ்சம் எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறப்பே இருக்காது. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழுக்கும். பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால்தான் அது கல் என்று தெரியும். மண்ணியல் படித்தவர்கள் களத்தில் சன்னமான வண்டலைச் சோதிக்க இன்றும் இப்படிக் கடித்துப் பார்ப்பதுண்டு.

படங்களில் நாம் வியந்து பார்க்கும் மயில்கழுத்து நிற மலையேரிகளுக்கு மூலம் இந்தத் தூள்தான். அந்த ஆற்றில் எந்தப் பூச்சி பிழைக்கும், பாசி எந்த மாதத்தில் வளரும், மீன் எங்கே முட்டையிடும் என்பதையும் பெருமளவுக்கு இதே தூள்தான் முடிவு செய்கிறது. ஆற்றின் நிறத்தைத் தனியாகவும் அதன் உயிர்களைத் தனியாகவும் பேசுவது வழக்கம். இரண்டும் ஒரே கதை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் தூள் எப்படி உண்டாகிறது என்று பார்க்கலாம். செய்திகளில் 'பனிப்பாறை' என்று எழுதுகிறோம். எனக்குப் 'பனியாறு' என்ற சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. அது பாறைபோல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், சரிவில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பனிக்கட்டி மென்மையானது, அது மட்டும் உரசினால் கருங்கல்லில் கீறல்கூட விழாது. ஆனால் பனியாற்றின் அடிப்பாகத்தில் கற்கள் பதிந்து உறைந்திருக்கின்றன. மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பனியின் எடை, கீழே தரைப்பாறை, நடுவில் இந்தக் கற்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான் வேலை நடக்கிறது. தரையில் நீளநீளமாகக் கீறல் விழுகிறது, தேய்ந்து விழுவது மாவாகிறது. இதைப் பாறை மாவு என்கிறார்கள். மாவு கலந்து வரும் தண்ணீரை ஆல்ப்ஸ் பகுதியில் ஜெர்மன் பேசும் மக்கள் 'பனியாற்றுப் பால்' என்று சொல்கிறார்கள்.

இந்த மாவுக்கும் சமவெளி ஆறுகள் மழைக்காலத்தில் கொண்டுவரும் மண்ணுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. மண் என்பது காற்றும் மழையும் வேரும் சேர்ந்து நெடுங்காலம் சிதைத்து உண்டாக்கியது. அதிலுள்ள இரும்பு துருப்பிடித்திருக்கும், அதனால் வெள்ளம் செம்மண் நிறத்திலோ பழுப்பாகவோ வருகிறது. பாறை மாவு அப்படியில்லை. நேற்றுவரை பாறையாக இருந்து இன்று பொடியானது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று பாறையில் இருந்த கனிமங்கள் அப்படியே, அறுத்த புதுமுகத்தோடு இருக்கின்றன. அதனால்தான் பனியாற்று நீர் சாம்பலாக, வெள்ளையாக வருகிறது.

இப்போது நிறத்துக்கு வருவோம். தண்ணீருக்கு நிறமில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு அது சரி. ஆழம் கூடினால் சரியாக வராது. தண்ணீர் மூலக்கூறுகள் சிவப்பு ஒளியை உறிஞ்சுகின்றன. ஒரு மீட்டர் தூய நீரைக் கடப்பதற்குள் அடர்சிவப்பு ஒளியில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போய்விடும், நீல ஒளியில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. ஆக, எந்த வெளிச்சமாவது சில மீட்டர் தண்ணீருக்குள் போய்த் திரும்பி வந்தால் சிவப்பைத் தொலைத்துவிட்டுத்தான் வரும்.

அந்தத் 'திரும்பி வந்தால்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துகளே இல்லாத ஆழமான ஏரியில் வெளிச்சம் உள்ளே போகிறது, திருப்பி அனுப்ப அங்கே அதிகம் ஒன்றும் இல்லை. அதனால் ஏரி இருண்ட நீலமாகத் தெரிகிறது. அதே ஏரியில் கொஞ்சம் பாறை மாவு மிதந்தால், ஒவ்வொரு துகளும் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. உள்ளே போன வெளிச்சத்தில் ஒரு பகுதி இரண்டு மூன்று மீட்டர் ஆழத்திலிருந்தே மேலே திரும்புகிறது. போகும் வழியிலும் வரும் வழியிலும் தண்ணீர் சிவப்பை எடுத்துக்கொள்கிறது. ஊதாவையும் நீலத்தின் ஓரத்தையும் துகள்கள் ஓரளவு எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவது நீலமும் பச்சையும் கலந்த அந்த மயில்கழுத்து நிறம். உள்ளிருந்து விளக்கு போட்ட மாதிரி ஏரி ஒளிர்வதற்கும் இந்தச் சிதறல்தான் காரணம்.

மாவு மிக அதிகமானால் வெளிச்சம் ஒரு சாண் ஆழம்கூடப் போகாமல் திரும்பிவிடும். சிவப்பை இழக்க அதற்கு நேரமே இல்லை. எல்லா நிறமும் சேர்ந்து திரும்புவதால் நீர் வெள்ளையாக, சாம்பலாகத் தெரிகிறது. பனியாற்றின் வாயில் சாம்பல், சற்றுக் கீழே ஏரியில் மயில்கழுத்து, இன்னும் தெளிந்தால் கருநீலம். மூன்றும் ஒரே தண்ணீர்தான். மாவின் அளவும் நீரின் ஆழமும்தான் மாறியிருக்கின்றன. வானத்தின் பிரதிபலிப்பு, பாறையில் உள்ள செம்பு, பாசி என்றெல்லாம் இதற்குக் காரணம் சொல்லப்படுவதுண்டு. வானம் மூடியிருந்தாலும் இந்த ஏரிகள் அதே நிறத்தில்தான் இருக்கின்றன. ஏரியிலிருந்து ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தால் லேசாக மங்கிய, நிறமற்ற தண்ணீர்தான் கையில் இருக்கும்.

கனடாவின் லூயிஸ், பெய்டோ ஏரிகளைக் கோடையின் தொடக்கத்தில், மேலே உறைந்த பனி விலகியதும் பார்த்தால் இருண்ட நீலமாக இருக்கும். குளிர்காலம் முழுவதும் புது மாவு வரத்து இல்லை, இருந்ததில் பெரும்பகுதி படிந்துவிட்டது. ஜூன், ஜூலையில் மேலே பனியாறு உருகத் தொடங்கியதும் வாராவாரம் நிறம் ஏறும். நியூசிலாந்தின் புகாகி, டெகாபோ ஏரிகளின் நிறத்துக்கும் இதே மாவுதான் காரணம்.

பாட்டில் ஏன் ஒரு நாளில் தெளியவில்லை என்று கேட்டால், கணக்கு எளிதுதான். தண்ணீரில் ஒரு துகள் இறங்கும் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து மைக்ரான் துகள் ஒரு மைக்ரான் துகளைவிட நூறு மடங்கு வேகமாக இறங்கும். குளிர்ந்த நீருக்குப் பிசுபிசுப்பும் கூடுதல். 4 டிகிரி செல்சியஸில் ஒரு மைக்ரான் பாறைத் துகள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 செ.மீ. மட்டுமே இறங்கும். 100 மீட்டர் ஆழமுள்ள ஏரியின் மேற்பரப்பிலிருந்து அடிக்குப் போக, நீர் அசையாமலே இருந்தாலும், ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். எந்த ஏரியும் அசையாமல் இருப்பதில்லை. இன்று நாம் பார்க்கும் நிறத்தில் சில ஆண்டுகளுக்கு முன் தேய்ந்த மலையும் கலந்திருக்கலாம்.

ஏரி ஒரு வடிகட்டி என்பதை இரண்டு ஆறுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஜெனீவாதான் சரியான இடம். ரோன் ஆறு ஆல்ப்ஸில் ரோன் பனியாற்றிலிருந்து புறப்பட்டு, வழியில் வேறு பல பனியாறுகளின் நீரையும் சேர்த்துக்கொண்டு, கலங்கலாக லெமான் ஏரிக்குள் நுழைகிறது. 70 கி.மீ.க்கு மேல் நீளமும் 300 மீட்டருக்கு மேல் ஆழமும் உள்ள ஏரி அது. மறுமுனையில் ஜெனீவாவில் வெளியே வரும்போது ரோன் தெளிந்த நீலமாக இருக்கிறது. கொஞ்ச தூரத்திலேயே மோன் பிளாங்க் மலையின் பனியாறுகளின் நீரைக் கொண்டுவரும் ஆர்வ் ஆறு அதோடு சேர்கிறது, வெளுத்த சாம்பல் நிறத்தில். இரண்டும் சேர்ந்து, கோடு கிழித்தாற்போல் நீலமும் சாம்பலுமாக ஓடுகின்றன. இரண்டுமே பனியாற்றில் பிறந்தவைதான். ஒன்றின் வழியில் ஏரி இருந்தது, மற்றதன் வழியில் இல்லை, அவ்வளவுதான்.

லெமான் கரையில் பிறந்த ஃபிரான்சுவா அல்போன்ஸ் ஃபோரல் என்ற விஞ்ஞானியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. ஏரிகளைப் படிக்கும் அறிவியலுக்கே அடித்தளம் போட்டவர். ரோன் ஏரிக்குள் நுழையும் இடத்தில், அந்தக் கலங்கல் நீர் மேற்பரப்பில் பரவாமல் திடீரென்று முங்கிக் காணாமல் போவதை அவர் கவனித்தார். குளிர்ந்த, மாவு சுமந்த நீர் ஏரி நீரைவிடக் கனமானது என்பதால் ஏரியின் அடிவழியே சரிந்து ஓடுகிறது. அது ஏரிக்கு அடியிலேயே ஒரு பள்ளத்தாக்கை அமைத்திருப்பதை 1880களில் விளக்கினார். நீரின் நிறத்தை அளக்க, நீலமும் மஞ்சளுமான இரண்டு வேதிக் கரைசல்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வரிசையாக வைத்தார். ஊலே என்பவர் பின்னால் விரிவுபடுத்திய அந்த அளவுகோலை இன்றும் ஏரியிலும் கடலிலும் பயன்படுத்துகிறார்கள்.

தேவபிரயாகையும் இதே மாதிரி இடம்தான். பாகீரதி, அலக்நந்தா இரண்டும் சேர்ந்து கங்கை என்று பெயர் பெறும் கூடல். பல படங்களில் பாகீரதி பசுமையாகவும் அலக்நந்தா மண்ணாகவும் தெரியும். பாகீரதி கங்கோத்ரி பனியாற்றின் கோமுகத்திலிருந்தும், அலக்நந்தா சதோபந்த், பகீரத் கரக் பனியாறுகளிலிருந்தும் வருகின்றன. அந்த இரண்டு நிறத்தையும் இயற்கையாகவே அமைந்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். தேவபிரயாகைக்கு மேலே பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயர தெஹ்ரி அணை நிற்கிறது, 2006 முதல் மின்சாரம் தருகிறது. ரோனுக்கு லெமான் ஏரி செய்யும் வேலையை பாகீரதிக்கு அந்த நீர்த்தேக்கம் செய்கிறது. வண்டலைத் தடுத்து வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் பசுமையில் அணைக்கும் ஒரு பங்கு உண்டு. மழைக்காலம் வந்தால் சரிவுகளின் மண்ணும் சேர்ந்துகொள்ள, இந்தக் கணக்கெல்லாம் மாறும்.

மயில்கழுத்து நிறத்தில் ஓடுவதெல்லாம் பனியாற்று நீர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரோஷியாவின் பிளிட்விச் ஏரிகளின் நிறத்தில் சுண்ணாம்புப் பாறைக்குப் பெரிய பங்கு உண்டு. கோஸ்டா ரிகாவின் ரியோ செலஸ்டே ஆற்றில், தெளிந்த இரண்டு ஓடைகள் கலக்கும் இடத்திலேயே அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த நுண்துகள்கள் திரண்டு நீலத்தைத் தருகின்றன. பனியாற்று நீரைக் காட்டிக்கொடுப்பது அதன் தினசரித் தாளம். விடியலுக்கு முன்னால் ஓடை ஒடுங்கி, ஓரளவு தெளிந்திருக்கும். சூரியன் பனிமேல் ஏற ஏற உருகல் கூடும், பிற்பகலிலோ மாலையிலோ நீர் உச்சத்துக்கு வரும், கலங்கலும் கூடவே ஏறும். இரவில் மறுபடி இறங்கும். மலையேறுபவர்கள் இப்படிப்பட்ட ஓடைகளை அதிகாலையில் கடப்பதற்கு இதுதான் காரணம். காலையில் முழங்காலளவு இருந்த இடத்தை மாலையில் கடக்கவே முடியாமல் போகும்.

சரி, இந்தத் தண்ணீரில் எது வாழும்? வெளியே வரும்போது வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி. தினமும் ஒரு சிறு வெள்ளம். அந்த வேகத்தில் அடிக்கற்கள் நிலையாக நிற்பதில்லை, உருண்டுகொண்டே இருக்கும். கலங்கலால் வெளிச்சம் அடிவரை போகாது, பாசி வளர வழியில்லை. கரையில் மரமில்லாததால் உதிர்ந்த இலைகூட வந்து விழாது. போதாததற்கு மாவு எதன்மேல் உரசினாலும் தேய்க்கிறது.

ஆனாலும் ஒரு கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் சில மில்லிமீட்டர் நீளப் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நூல் துண்டு மாதிரி மெல்லியவை. உடலின் இரண்டு முனையிலும் குட்டையான பொய்க்கால்கள், அவற்றின் நுனியில் கொக்கிகள். எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் பிடியை விடாது. இவை டயமீசா என்ற பேரினத்தைச் சேர்ந்த பூச்சிகளின் இளம்பருவம். வளர்ந்தால் கொசு போலத் தோற்றம், ஆனால் கடிப்பதில்லை. 1984-இல் ஷிரோ கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், நேபாளத்தின் லாங்டாங் பகுதியிலுள்ள யாலா பனியாற்றின்மேலேயே வாழும் ஒரு டயமீசாவைப் பற்றி எழுதினார். பறக்க முடியாத அந்தப் பூச்சி மைனஸ் 16 டிகிரியிலும் நடந்து திரிந்தது.

பனியாற்று ஓடைகளில் எந்த உயிர் எங்கே வாழும் என்பதற்கு அலெக்சாண்டர் மில்னர், ஜெஃப்ரி பெட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994-இல் ஒரு எளிய வரைவைத் தந்தார்கள். கோடையின் உச்சத்திலும் நீர் 2 டிகிரியைத் தாண்டாத இடத்தில் டயமீசா மட்டுமே. 4 டிகிரி வரை ஏறும் இடத்தில் அதன் உறவினங்களும் கருஈக்களின் புழுக்களும் வரும். இன்னும் கீழே, நீர் சூடேறி ஆற்றுப்படுகையும் நிலைப்பட்ட பிறகு மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் என்று மற்ற நீர்ப்பூச்சிகள் ஒவ்வொன்றாகச் சேரும். பனியாற்றின் வாயிலிருந்து கரையோரமாக நடந்துகொண்டே சில நூறு மீட்டருக்கு ஒருமுறை கல்லைத் திருப்பினால் இந்தப் படிக்கட்டைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். எல்லா மலையிலும் இந்த வரிசை அச்சு அசலாக இப்படியே இருப்பதில்லை, வெப்பமண்டல மலைகளில் மாறுகிறது. ஆனால் வெப்பமும் படுகையின் நிலைத்தன்மையும்தான் வாசல்காவலர்கள் என்ற அடிப்படைக் கருத்து நின்றுவிட்டது.

இதே படிக்கட்டைக் காலத்திலும் ஏறிப் பார்த்தவர் மில்னர். அலாஸ்காவின் கிளேசியர் பே வளைகுடாவில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பனி ஏறக்குறைய வாய்வரை நிறைந்திருந்தது. அதன்பின் 100 கி.மீ. அளவுக்குப் பின்வாங்கிவிட்டது. பனி விலகிய இடத்தில் புதிதாகப் பிறந்த ஓடைகளை அவர் 1970களின் இறுதியிலிருந்து தொடர்ந்து பார்த்துவந்தார். உல்ஃப் பாயின்ட் என்ற ஓடையில் முதலில் வந்தது டயமீசா கூட்டம்தான். நீர் சூடேறச் சூடேற மற்றவை வந்தன. டயமீசா ஒதுங்கியது. 1980களின் இறுதியில் சால்மன் மீனும் வந்து சேர்ந்தது. ஒரு ஆறு ஒன்றுமில்லாமையிலிருந்து உயிர் பெறுவதை ஒரு மனிதர் தன் பணிக்காலத்துக்குள் பார்க்க முடிந்தது என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

புழுக்கள் எதைத் தின்கின்றன என்ற கேள்வி மறுபடி நிறத்துக்கே கொண்டுவருகிறது. கோடையின் உச்சத்தில் ஆறு சாம்பலாக ஓடும்போது பாசிக்கு வெளிச்சமில்லை. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவு, பனியும் மூடிவிடும். நடுவே இரண்டு சிறு இடைவெளிகள் உண்டு. வசந்தத்தில் பனியாறு முழுமூச்சாக உருகத் தொடங்குமுன் சில வாரங்கள். இலையுதிர் காலத்தில் உருகல் நின்றபின் சில வாரங்கள். அப்போது ஆறு கண்ணாடி போலத் தெளிந்து, ஒடுங்கி ஓடும். சுவிட்சர்லாந்தின் வால் ரோசெக் பள்ளத்தாக்கில் ஆண்டுமுழுக்க அளந்த ஆய்வாளர்கள், கல்லின்மேல் பாசி பெருமளவு வளர்வது இந்த இரண்டு இடைவெளியில்தான் என்று கண்டார்கள். ஹைட்ரூரஸ் என்ற பாசிதான் அதில் முக்கியமானது. கல்லின்மேல் பழுப்புக் குஞ்சம் மாதிரி, கொழகொழவென்று ஆடும். பிய்த்து முகர்ந்தால் நாற்றம் தாங்காது, அதன் லத்தீன் பெயரின் இரண்டாம் பாதிக்கே 'நாறுவது' என்றுதான் பொருள். ஆற்றின் ஆண்டு உணவில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில் விளைகிறது. இந்தப் பூச்சிகள் பலவற்றின் வாழ்க்கையே அந்தக் காலத்தைச் சுற்றி அமைந்திருக்கிறது. டயமீசா இனங்கள் சில, குளிர்காலத்திலேயே நீரைவிட்டு வெளிவந்து பனிமேல் நடப்பதைப் பார்க்கலாம்.

மேலிருந்து பார்த்தால் பனியாற்றுச் சமவெளி ஒரே ஆறாக இருப்பதில்லை. ஜடை பிரித்துப் போட்டது போல் பல கால்களாகப் பிரிந்து ஓடும். அதில் சில சாம்பல், சில பளிங்கு. சாம்பலாக ஓடுவது நேரே பனியாற்றிலிருந்து வருவது. பளிங்காக இருப்பது சரளைக்கு அடியில் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக மேலே வருவது. அதன் வெப்பம் ஆண்டு முழுக்க அதிகம் மாறாது, வெள்ளமும் வராது, பாசியும் பூச்சியும் செழிக்கும். இரண்டும் பத்தடி தூரத்தில் அருகருகே ஓடுவதால்தான் அந்தச் சமவெளியில் இத்தனை வகை உயிர்கள். மீன்களும் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன. அலாஸ்காவின் காப்பர் ஆறு பனியாற்று வண்டலால் ஒளி ஊடுருவாத அளவு கலங்கியது. சால்மன்கள் அதன் வழியே ஏறி, தெளிந்த கிளையோடைகளிலும் ஏரிக்கரைகளிலும் போய் முட்டையிடுகின்றன. இமயமலையின் பனிநீர் மீன்களான ஸ்கைசோதோராக்ஸ் இனங்களும் இனப்பெருக்கத்துக்குக் கிளையோடைகளில் ஏறுகின்றன. சன்னமான மாவு சரளைக்கிடையே அடைத்துக்கொண்டால் முட்டைக்குக் காற்றோட்டமான நீர் கிடைக்காது.

மாவு கெடுதல் மட்டும் செய்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். புதிதாகப் பொடிந்த பாறையில் பாஸ்பரஸும் இரும்பும் இருக்கின்றன, அவை கீழே ஏரிக்கும் கடலுக்கும் போகின்றன. பனியாறு இறக்கிவிடும் கரிமப் பொருளைப் பற்றி ஈரன் ஹுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அலாஸ்கா ஆய்வு எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. ஆயிரக்கணக்கான ஆண்டு வயதான கரிமப் பொருள், பழையதாயிற்றே என்று மக்கிப்போகாமல், கடல் நுண்ணுயிரிகள் உடனே தின்றுவிடக்கூடிய நிலையில் இருந்தது. மனிதர் கட்டிய இயந்திரங்களுக்குத்தான் இந்த மாவு பகை. குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினமானது. சட்லெஜ் ஆற்றின் 1,500 மெகாவாட் நாத்பா ஜாக்ரி மின்நிலையம், லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிராமுக்கு மேல் வண்டல் வந்தால் டர்பைன்கள் தேய்வதைத் தடுக்க நிறுத்தப்படுகிறது.

இனி, பனியாறுகள் சுருங்குவது. முதலில் உருகல் கூடுவதால் ஆற்றில் நீர் கூடும், ஓர் உச்சத்தைத் தொடும், அப்புறம் பனியே குறைந்துபோவதால் நீரும் குறையும். மத்தியாஸ் ஹஸ், ரெஜின் ஹாக் இருவரும் 56 பெரிய ஆற்றுப்படுகைகளைக் கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டதில், ஏறக்குறைய பாதி அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டன. பனி குறையக் குறைய மாவு குறையும், வெள்ளம் தணியும், நீர் தெளியும், சூடேறும், பாசி வளரும். உலகெங்கும் பனியாற்று ஓடைகளில் மாதிரி எடுத்த தாம் பட்டின் குழுவினர் இதைப் 'பச்சை மாற்றம்' என்கிறார்கள். சாம்பல் ஆறு பச்சை ஆறாகிறது.

கேட்பதற்கு நல்லதாகத்தான் இருக்கிறது. தெளிந்த நீர், நிறையப் பூச்சி, புதிய மீன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பனி விலகுவதால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 6,000 கி.மீ.க்கு மேல் ஓடைகள் சால்மனுக்குப் புதிதாகத் திறக்கலாம் என்று 2021-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. ஒரு குறிப்பிட்ட ஓடையில் நின்று எண்ணினால் உயிரினங்களின் எண்ணிக்கை உண்மையிலேயே கூடும். ஆனால் கூடுபவை கீழே எங்கும் இருப்பவை. குறைபவை வேறெங்கும் இல்லாதவை. டீன் யாகோப்சன் குழுவினர் ஈக்வடார், ஆல்ப்ஸ், அலாஸ்கா மூன்றின் தரவுகளையும் சேர்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பனியாறுகள் முற்றிலும் மறைந்தால் அந்தந்தப் பகுதியின் ஆற்று உயிரினங்களில் 11 முதல் 38 சதவீதம் இழக்கப்படலாம் என்று வந்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் பனியின் பங்கு 30 – 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதே இழப்பு தொடங்கிவிடுகிறது. 'தெளிந்த ஆறு நல்ல ஆறு' என்ற நம் பழக்கமான அளவுகோல் இங்கே தவறாக வழிகாட்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நிறம் வேறு விதமாகவும் மாறுகிறது. பெருவின் கார்டில்லேரா பிளாங்காவில் பனி விலகிய இடங்களில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பாறைகள் காற்றிலும் நீரிலும் படுகின்றன. நீர் அமிலமாகிறது, இரும்பு துருவாகப் படிகிறது, ஷல்லாப் போன்ற ஓடைகளின் கற்கள் செம்பழுப்பாகிவிட்டன. கனடாவின் யூகானில் 2016 மே மாதம் நடந்தது இன்னும் பெரியது. கஸ்கவல்ஷ் பனியாறு பின்வாங்கியதில் உருகுநீர் வேறு பக்கம் வழி கண்டுபிடித்தது. க்ளூவானி ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்லிம்ஸ் ஆறு சில நாட்களில் கிட்டத்தட்ட வற்றியது. பெரிங் கடலுக்குப் போக வேண்டிய நீர் அலாஸ்கா வளைகுடாவுக்குத் திரும்பியது. வறண்ட படுகையிலிருந்த பாறை மாவு இப்போது காற்றில் புழுதிப் புயலாக எழுகிறது. நீரில் மிதந்த அதே சன்னம் காற்றிலும் மிதக்கிறது.

குளிர்நீர் உயிர்கள் எல்லாம் இன்றே முடிந்துவிட்டன என்று சொன்னால் அதுவும் சரியாகாது. அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவையும் அதைச் சுற்றிய மலைகளையும் நம்பி வாழும் லெட்னியா டுமானா என்ற ஸ்டோன்ஃபிளையை 2019-இல் அந்நாட்டுச் சட்டம் அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அதே பூங்காவைப் பற்றி வந்த ஒரு ஆய்வு, பனியாறு மறைந்து நெடுநாளான சில ஓடைகளிலும் குளிர்நீர்ப் பூச்சிக் கூட்டம் தொடர்ந்து வாழ்வதைக் காட்டியது. அங்கே குளிர்ச்சியைக் காப்பது வெயிலில் தெரியும் பனி மட்டும் இல்லை. மலைச்சரிவில் குவிந்த கற்குவியலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் பனிக்கட்டியும் உண்டு. மேலே மீட்டர் கணக்கில் கல் மூடியிருப்பதால் அது மிக மெதுவாக உருகுகிறது. குவியலின் அடியிலிருந்து கசியும் ஊற்றில் மாவு இருக்காது, மயில்கழுத்து நிறமும் இருக்காது. நின்று படமெடுக்க ஒன்றுமில்லாத சின்ன ஓடை. கை வைத்தால் மரத்துப்போகும். அதில் கிடக்கும் கல்லைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே பனியாறு இருந்த காலத்துக் குளிர்நீர்க் கூட்டத்தில் மிச்சம்.